பதினொரு பட்டை வண்டி

முனியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் வண்டியில்தான் ஆரம்பிக்க வேண்டும். வேறு வழியில்லை. ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களில் அவனை வண்டி இல்லாமல் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘ஜீப்பு முனியப்பன்’ என்று எழுதினால்தான் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஜீப் பிக்கப் அது. முன்பக்கம் ஜீப்பின் மூஞ்சி, பின்பக்கம் இரும்புத் தொட்டி. சித்தூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் பதினைந்து வருஷம் ஓடி, அப்புறம் அதே அலுவலகத்தின் வேப்பமரத்தடியில் நாலு வருஷம் துருப்பிடித்துக் கிடந்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. டயர் நாலும் மண்ணில் புதைந்திருந்தன. எஞ்சினுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் அதைப் பழைய இரும்பாகப் பார்த்தார்கள். முனியப்பன் ஒருத்தன்தான் வண்டியாகப் பார்த்தான்.

அவன் அப்பா அடுத்தவர்களின் மாந்தோப்புகளில் காவல் இருந்தவர். சொந்தமாக ஒரு மாங்கன்று இல்லாமலே நாற்பது மாங்காய்க் காலத்தைப் பார்த்து முடித்தவர். முனியப்பன் பதினான்கு வயதில் லாரியில் கிளீனராக ஏறினான், இருபதில் ஸ்டியரிங்கைப் பிடித்தான். அப்புறம் எட்டு வருஷம் யார் யாருடைய வண்டியையோ தன் வண்டி போலத் துடைத்து ஓட்டினான். சர்க்கார் அவர்களுக்குக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் கல்லுக்காடு பிற்பாடு வந்தது. அதற்கும் முன்னால் வந்தது இந்த வண்டி. அந்தக் குடும்பம் ‘எங்களுது’ என்று சொன்ன முதல் பெரிய பொருள் இதுதான். ஒரு இரும்புச் சாமானின் மேல் மனுஷன் இவ்வளவு ஆசை வைக்கலாமா என்று கேட்பது சுலபம். ஒன்றுமே இல்லாமல் வளர்ந்தவனிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அந்த வண்டியை அவன் பலசாலி ஆக்கியதும், அவன் மனைவி வெங்கடலட்சுமிக்கு நடை நின்றுபோனதும் ஆறே மாதத்துக்குள் நடந்தன. ஊருக்கு இது இரண்டு தனித்தனிச் செய்தி. வண்டி நன்றாக ஆனது. பாவம், அந்தப் பொம்பளை விழுந்துவிட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தவன் முனியப்பன் மட்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெங்கடலட்சுமி சும்மா வீட்டில் இருந்த மனைவி இல்லை. அந்த வண்டிக்கு அவள்தான் கிளீனர், லோடு பார்க்கிற ஆள், முதலாளியம்மா, எல்லாம். மாங்காய்க் காலத்தில் தோப்பில் குவியலுக்கு மேல் ஏறி நின்று காயை நிரவுவாள். கிழங்கு மாதிரி இருக்கிற பெங்களூரா மாங்காயை எப்படி அடுக்கினால் அடியில் நசுங்காது என்பது அவள் கைக்குத் தெரியும். முடித்ததும் மேலே மாந்தழையைப் பரப்பி, கயிற்றை இழுத்துக் கட்டி, பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பின்சக்கரத்தின் மேல் வைத்து, ஒரே எட்டில் தரைக்கு வந்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். கீழே பார்க்கவே மாட்டாள்.

பழைய எஞ்சினுக்கு மேடு என்றாலே மூச்சு வாங்கும். காய் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஏற்றத்தில் ஏறும்போது முதல் கியரில் முக்கிக்கொண்டே போகும், போகப்போக நின்றும் போகும். அப்போது வெங்கடலட்சுமி கீழே இறங்கி, ஒரு பெரிய கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவாள். வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைப் போடுவாள். இப்படி அந்த ஏற்றத்தை அவள் எத்தனை தடவை நடந்தே ஏறியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

இதற்கிடையில் ஊரில் புது மினி லாரிகள் வந்துவிட்டன. மாங்கூழ் ஆலை வாசலில் முதலில் வருகிற வண்டிக்கு முதல் டோக்கன். பிந்தி வருகிற வண்டி வெயிலில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ வரிசையில் நிற்க வேண்டியதுதான். காய் பழுத்து ஒழுகினால் ஆலைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். முனியப்பனின் வண்டி எப்போதும் வரிசையின் வாலில் நின்றது. “இன்னாண்ணா, மியூசியத்துக்கு வழி இது இல்லியே” என்று ஒரு சின்னப் பயல் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனான். முனியப்பன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அந்தப் பொங்கல் கழிந்ததும் வண்டியைச் சித்தூருக்குக் கொண்டுபோனான். கிருஷ்ணப்பா என்கிற மெக்கானிக்கின் பட்டறை அங்கே இருந்தது. வீட்டில் தெலுங்கும் வேலையில் தமிழும் பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் மொழி மாறும்.

பத்தொன்பது நாள் வேலை. எங்கோ மோதி முன்பக்கம் நொறுங்கிய ஒரு புது வண்டியிலிருந்து எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் எடுத்து வைத்திருந்தார்கள். அதை ஜீப்பின் வயிற்றில் உட்கார வைக்கச் சட்டத்தை வெட்டி, புதுத் தாங்கி வைத்து வெல்டு அடித்தார்கள். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற சுழல் தண்டை ஒரு கை நீளம் குறைத்தார்கள். பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரத்தையும் மாற்றினார்கள். பழைய பல்லுக்கு இழுவை உண்டு, வேகம் கிடையாது. புதுசுக்கு இரண்டும் உண்டு. முனியப்பன் பட்டறையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் தானே கழுவிக் கொடுத்தான்.

தகராறு வந்தது, தொட்டியின் பாரத்தைத் தாங்குகிற பின்பக்க ஸ்பிரிங் பட்டையில்தான். அந்த வண்டியில் பக்கத்துக்கு எட்டுப் பட்டை. இத்தனை வருஷம் சுமந்ததில் எட்டும் தொய்ந்து நேராகிப் போயிருந்தன. வண்டி எப்போதும் குந்தின மாதிரியேதான் நிற்கும்.

“தொம்மிதி சாலு, முனியப்பா. புதுசா வளைச்சி ஒம்போது பட்டை போட்டா போதும்” என்றார் கிருஷ்ணப்பா.

“பதினொண்ணு போடுண்ணா. இனிமே ரெண்டு டன்னு ஏத்தப் போறேன்.”

“செப்பேதி வினு. நான் சொல்றத கேளு. பதினொண்ணு போட்டா லோடு இருக்கச்சொல்லதான் வண்டி உட்காரும். காலியா போனா ஒதைக்கும். முதுகு போய்டும்.”

“காலியா போறதுக்கா இவ்ளோ செலவு பண்றேன்?”

கிருஷ்ணப்பா அவனைப் பார்த்தார். அப்புறம் பட்டை அடிக்கிறவனிடம் பதினொன்று என்று விரலால் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முப்பது வருஷம் பட்டறை நடத்துகிறவருக்கு வண்டிக்காரனின் ஆசையோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது என்று தெரியாதா என்ன.

வேலை முடிந்து இறக்கியபோது வண்டி அரை அடி உயர்ந்து நின்றது. முனியப்பனுக்கு அதைப் பார்த்தே கண் கலங்கிவிட்டது. குந்தியிருந்த ஒரு ஆள் எழுந்து நின்றுவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

முதல் லோடு நெல். அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரில் சும்மா ஏறிப் போயிற்று. வெங்கடலட்சுமி கேபினில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இனிமே நீ கட்டையத் தூக்கிக்கினு நடக்க வேணாம்” என்றான் முனியப்பன்.

பொய் சொல்லக்கூடாது, அவன் அந்த வேலையைச் செய்ததில் பாதி அவளுக்காகத்தான். மீதிப் பாதி அந்தச் சின்னப் பயலுக்காக.

திரும்பி வரும்போது வண்டி காலி. கிருஷ்ணப்பா சொன்னது சொன்னபடி நடந்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து அடித்தது. வேகத்தடையில் வெங்கடலட்சுமியின் தலை கேபின் கூரையில் இடித்தது. இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை லோடு இறக்கியதும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

“இதுல வர்றதுக்கு பஸ்சுல நின்னுக்கினே வரலாம்யா.”

“ராணியம்மாவுக்கு மெத்தை வேணுமாக்கும்” என்று கிண்டல் செய்துவிட்டு அவன் காலி வண்டியைத் தனியாக ஓட்டிவந்தான். காலி வண்டியில் ஏற ஆள் இல்லாவிட்டால் என்ன குறை என்று அப்போது அவனுக்குத் தோன்றியது.

ஜூன் மாதம் வந்தது. சிவசங்கரன் என்பவர் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் காய் பறிப்பு. அந்தப் பருவத்தின் மூன்றாவது லோடு அது. முதல் இரண்டு லோடுக்கும் கீழே ஆள் நின்று அவளைக் கைபிடித்து இறக்கினார்கள். மூன்றாவதுக்கு எல்லோரும் மோர் குடிக்கப் போயிருந்தார்கள். வெங்கடலட்சுமி தழையைப் பரப்பி முடித்து, பக்கப் பலகையைப் பிடித்து, எப்போதும்போல் கீழே பார்க்காமல் இடது காலை விட்டாள். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரம் இல்லை. அரை அடி கீழே இருந்தது. கால் துழாவியது, கை வழுக்கியது, தண்ணீர்க் கால்வாயின் கல்வரப்பில் முதுகு பட விழுந்தாள்.

முனியப்பன்தான் முதலில் ஓடிவந்தான். அவள் கண் திறந்திருந்தது. “இடுப்பு, இடுப்பு” என்றாள். அவன் அவளுடைய வலது பாதத்தைப் பிடித்துத் தேய்த்தான்.

“வுடுய்யா, வலிக்குது” என்று அவள் பாதத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள்.

இழுத்துக்கொண்டாள். முனியப்பன் அதைத் தன் கண்ணால் பார்த்தான், அவன் கையிலிருந்து அந்தப் பாதம் நழுவியதை உணர்ந்தான். அந்தக் கணத்தில் அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கால் அசைகிறது, அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை, எலும்பு பிசகியிருக்கும். அந்தப் பக்கத்தில் யார் விழுந்தாலும், மாடு முட்டினாலும், பைக் சறுக்கினாலும் நேரே புத்தூருக்குத்தான். கட்டுப் போட்டால் ஆறு வாரத்தில் எழுந்து நடந்துவிடுவார்கள். அவன் அப்பாவுக்கு இரண்டு தடவை, அவனுக்கு ஒரு தடவை அங்கேதான் கட்டியது.

சிவசங்கரன் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். எல்லை ஊர் என்பதால் செல்போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டது. பேசியவர்கள் எந்தத் தாலுகா என்று கேட்டார்கள், ஆந்திரா என்றதும் லைனை மாற்றினார்கள். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று கடைசியில் பதில் வந்தது.

“நம்ம வண்டி இருக்கச்சொல்ல முக்கா மணி நேரம் இன்னாத்துக்கு காத்துக்கினு கெடக்கணும்?” என்றான் முனியப்பன். “கொட்டுங்க எல்லாத்தியும்.”

பின்கதவைத் திறந்து விட்டார்கள். ஒன்றே முக்கால் டன் மாங்காய் தடதடவென்று சரிந்து கால்வாய்க்குள்ளும் புல்லுக்குள்ளும் உருண்டது. யாரும் தடுக்கவில்லை. அப்போது அது பெரிய மனசுக்காரனின் செயலாகத்தான் எல்லோருக்கும் பட்டது. காலி செய்த தொட்டியில் வைக்கோலைப் போட்டு, மேலே போர்வையை விரித்து, நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். கூடக் காய் பறிக்கிற கலைவாணி ஏறி, அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

பாதிக் காயைக் கொட்டிவிட்டு மீதிப் பாதியை முன்பக்கமாகத் தள்ளியிருந்தால் அவளுக்கு இடம் போதும். அந்தப் பாரத்தில் வண்டி அடங்கி உட்கார்ந்து மெத்தென்று போயிருக்கும். இது முனியப்பனுக்குத் தெரியாத விஷயமா? ஐந்து மாதமாக அதே வண்டியை ஓட்டுகிறவன். ஆனால் மனைவி கீழே கிடக்கும்போது காயை வண்டியில் வைத்துக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும், காய்க்காகப் பார்த்தான் என்று சொல்லாதா? கௌரவமும் பதற்றமும் சேர்ந்து காயைக் கொட்டின.

ரோட்டுக்கு வந்ததும் ஐந்தாவது கியர். பழைய வண்டியாக இருந்தால் மிதித்தாலும் நாற்பதைத் தாண்டாது. இது எழுபதைத் தொட்டது. பின்னால் அவள் கத்துகிற சத்தம் கேட்டது. கத்துகிறாளே என்று இன்னும் மிதித்தான். குழியில் தொட்டி தூக்கிப் போட்டது, வேகத்தடையில் தூக்கிப் போட்டது. ரயில்வே கேட்டை நெருங்கும்போது மணி அடிக்க ஆரம்பித்தது, கேட்டு கீழே இறங்கத் தொடங்கியது. இங்கே மாட்டினால் கால் மணி நேரம் போய்விடும். முனியப்பன் பிரேக்கில் இருந்த காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்தான். தண்டவாளத்தில் பின்சக்கரம் ஏறியபோது தொட்டி முழுசாக மேலே எழும்பி விழுந்தது. அவனே சீட்டிலிருந்து எழும்பி விழுந்தான்.

பின்னால் ஒரே ஒரு அலறல். அப்புறம் சத்தம் இல்லை.

வலி குறைந்திருக்கிறது என்று நினைத்தான் அந்தப் பாவி.

புத்தூரில் கட்டுப் போடுகிற பெரியவர் அவளைக் கீழே இறக்க விடவில்லை. தானே தொட்டிக்குள் ஏறினார். பெருவிரலை அழுத்தினார், உள்ளங்காலில் நகத்தால் கீறினார். “தெரியுதாம்மா?” என்று நாலு தடவை கேட்டார். வெங்கடலட்சுமி வானத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள், இல்லையென்று. பெரியவர் இறங்கிவந்து வண்டியின் பின்பட்டையைப் பார்த்தார், முனியப்பனைப் பார்த்தார்.

“இது கை கால் விசயம் இல்ல, முதுகெலும்பு. நான் தொடமாட்டேன். இந்த வண்டியில இனிமே ஒரு அடிகூட எட்த்துக்கினு போவாத. பலகையில கட்டி ஆம்புலன்சுல திருப்பதிக்கு இட்டுக்கினு போ” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கதவு ஒன்றையே கழற்றிக் கொடுத்தார்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே மகள் பிரியங்கா நின்றிருந்தாள். அங்கே ஒரு நர்சிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம். விஷயம் கேள்விப்பட்டு யூனிஃபாரமோடு ஓடிவந்துவிட்டாள். அம்மாவுக்கு வலிக்கான ஊசி போட்டிருந்தார்கள், அவள் மயக்கத்தில் இருந்தாள். இளம் டாக்டர் ஒருவர் முனியப்பனைத் தனியாகக் கூப்பிட்டார். பிரியங்காவும் கூடவே வந்து நின்றாள்.

எப்படி விழுந்தாள், எதில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். முனியப்பன் சொன்னான். அப்புறம் கேட்டார்: “படினப்புடு காள்ளு கதிலாயா?”

விழுந்த சமயத்தில் கால் அசைந்ததா என்பதுதான் கேள்வி. பேனா காகிதத்தின் மேல் நின்றது. பிரியங்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது முனியப்பனுக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் எங்கே நின்றது? வழியில். யார் ஓட்டினார்கள்?

“லேது சார்” என்றான். இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

இதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அது கோழைத்தனம்தான். ஆனால் அந்த ‘லேது’வால் யாருக்கு என்ன ஆபத்து என்று அவனுக்கு அப்போது தெரியாது. போனது போய்விட்டது, எப்போது போனது என்பது வெறும் கேள்வி, எழுதிவைக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்தான். மகளின் பார்வையிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. முதுகில் இரண்டு கம்பி வைத்துத் திருகி மூடினார்கள். கால் வரவில்லை. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள், ஆறு மாதம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள்.

வீட்டு முன்னறையில் கட்டில் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். மூத்திரக் குழாய் பார்க்க வேண்டும். முனியப்பன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். லோடு போகிற நாளில் கலைவாணி வந்து இருப்பாள். பத்தொன்பது வருஷம் ஓரிடத்தில் உட்காராத பொம்பளை சுவரையும் கூரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை அவன் மருந்து எடுக்கத் திரும்பியபோது, அவள் போர்வைக்குக் கீழே கையை விட்டுத் தன் தொடையையே பலமாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டான்.

பார்க்க வந்தவர்களிடம் அவள் ஒரே மாதிரி சொன்னாள். “விழுந்தேன், அப்பவே கால் ரெண்டும் போச்சி. இந்த மனுசன் காயெல்லாம் கொட்டிட்டு பறந்துக்கினு போச்சி, இன்னா பண்றது, என் தலையெழுத்து.” முனியப்பன் இதை முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டான். மயக்கத்தில் இருந்திருப்பாள், நினைவில்லை என்று தேற்றிக்கொண்டான்.

வண்டியை விற்றுவிடு என்று சிவசங்கரன் சொன்னார். விற்றால் சோறு எது, மருந்து எது? பட்டையையாவது குறைக்கலாம் என்று கிருஷ்ணப்பாவிடம் கேட்கப் போனான், பட்டறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். இரண்டு டன் ஏற்றினால்தான் அவனுக்குக் கட்டுபடியானது. பதினொரு பட்டையும் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் செய்தான். லோடு இறக்கியதும் தொட்டியில் ஆறு மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டுதான் திரும்புவான். பின்னால் யாரும் இல்லை, ஏற வருகிறவர்களும் இல்லை. ஆனாலும் ஏற்றுவான்.

“மணல் வியாபாரமா முனியப்பா?” என்று ஆலை வாசலில் சிரித்தார்கள். ரயில்வே கேட்டில் மணி அடிக்காவிட்டாலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, நடக்கிற வேகத்தில் தாண்டுவான். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டும்.

பிரியங்கா படிப்பை முடித்தாள். திருப்பதியிலேயே வேலையும் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அம்மாவுக்குத் தலைவாரி விட்டு, வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்தாள். அவன் இளைத்துப்போயிருப்பதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

“நைனா, நீ இன்னும் அதையே நெனச்சிக்கினு கீறியா? வார்டுல இதே மாரி ஒரு கேஸ் வந்துச்சி, டாக்டர்கிட்ட கேட்டேன். விழுந்தப்போ கால் அசைஞ்சி, அப்பறம் நின்னுப்போச்சின்னா அன்னிக்கே தியேட்டருக்கு எட்த்துக்கினு போய்டுவாங்களாம். நரம்ப அமுக்கிக்கினு இருக்கற எலும்ப ஒடனே எட்த்துட்டா கால் திரும்ப வர்றதுக்கு சான்ஸ் உண்டு. அம்மாவுக்கு மொதல்லியே போச்சே, அதான் அவசரம் இல்லன்னு மூணாம் நாள் பண்ணாங்க. நம்ம கையில ஒண்ணும் இல்ல, நைனா. நீ எதுவும் தப்பு பண்ணல.”

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். முனியப்பன் தலையை ஆட்டினான், வாளியில் இருந்த தண்ணீரை முழுக்க முன் கண்ணாடியில் ஊற்றினான். அவள் மாலை பஸ்ஸுக்குப் போகும்வரை வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வண்டியை ஓட்டி அவள் நடையில் பாதியை அவன் முறித்தான். மீதிப் பாதியை ‘லேது’ என்ற ஒரே வார்த்தையில் முறித்தான். அவன் உள்ளம் வெந்து போயிற்று. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் லோடு இல்லை. பகல் சாப்பாடு முடிந்தது. வெயில் வாசல்படி வரை வந்திருந்தது. முனியப்பன் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“லச்சுமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அன்னிக்கி தோப்புல உன் கால் அசஞ்சிது. நீ இழுத்துக்கினே. நான் பாத்தேன்.”

“தெரியும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தபடிதான் பேசினாள்.

“என் கால் எனுக்குத் தெரியாதா? கேட்டு வரிக்கும் இருந்துச்சி. கட்டவெரலு விண்ணுவிண்ணுன்னு வலிச்சிக்கினே இருந்துச்சி. கேட்டுல தூக்கிப் போட்டுது பாரு, அதோட வலி நின்னுப்போச்சி.”

“அப்போ வந்தவங்ககிட்டல்லாம் ஏன் அப்டி சொன்னே?”

“வேற இன்னா சொல்றது? புருசன் ஒடச்சிட்டான்னு சொல்றதா? பிரியங்காவுக்கு தெரிஞ்சா அது உன் மூஞ்சியப் பாக்குமா? நான் எத்தினி நாளைக்கு இருப்பனோ. அப்பறம் உனுக்கு ஒரு வாய் சோறு யார் போடறது?”

முனியப்பன் அழுதான். கல்யாணமாகி அவள் முன்னால் அழுவது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு கையை நீட்டி அவன் தலையில் வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். அழுது முடித்து அவன் முகத்தைத் துடைத்தான்.

“இன்னொண்ணு கீது, லச்சுமி. ஆஸ்பத்திரியில டாக்டரு...”

“போதும்யா.” அவள் குரல் உயரவில்லை. “இன்னும் இன்னா கீதோ, அத நீயே வெச்சிக்க. எல்லாத்தியும் சொல்லிட்டா உனுக்கு தூக்கம் வரும். எனுக்கு கால் வருமா?”

வெங்கடலட்சுமி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மணி ரெண்டாச்சி. அந்தப் பக்கம் திருப்பிப் போடு.”

முனியப்பன் எழுந்தான். ஒரு கையைத் தோளுக்கும் இன்னொரு கையை இடுப்புக்கும் கொடுத்து அவளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான். அப்புறம் கால்களைத் தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் தலையணையைக் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரிடம் ‘லேது’ என்று சொன்னதை அவன் அவளிடம் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது.